கைப்பிடிச் சுவர்



இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில், வீடு கட்டுவோருக்கு ஆண்டவர் தரும் ஓர் எளிய கட்டளை உண்டு. மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு யாரேனும் விழுந்து இறந்தால், அந்தப் பழி அவ்வீட்டையே சேரும். விழுந்தவர் பார்த்து நடந்தாரா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

இன்று நம் வீடுகளில் மாடிச் சுவர் இருக்கிறது. ஆனால் வாசலருகே இருக்கும் கழிவுநீர்த் தொட்டியை நினைத்துப் பார்க்கிறோமா? திருவிழா நெருங்குகிறது, உறவினர் வரப்போகிறார்கள், தொட்டியோ நிரம்பிவிட்டது. தெரிந்த ஒருவரை அழைக்கிறோம். அவர் தயங்கினால், "ஐந்நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறோம், இறங்குப்பா" என்கிறோம். உள்ளே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு மிகும்போது மோப்ப உணர்வையே மழுங்கடித்து ஆளைச் சாய்த்துவிடும். அவரைத் தூக்கக் குதிக்கும் தம்பியோ மகனோ மேலே வராமலே போவதும் உண்டு.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடுகளும் இன்றித் தொட்டியில் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. இது நகராட்சிக்கு மட்டுமல்ல, வேலைக்கு அழைக்கும் நமக்கும் பொருந்தும். முதல் முறைக்கே 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். 2023-இல் உச்ச நீதிமன்றம், பாதாளச் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

"அவர் சம்மதித்துத்தானே இறங்கினார்?" என்று நாம் கேட்கலாம். அடுப்பு எரிய வேண்டுமே என்று தந்த சம்மதம் அது. உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்காத பணியிடம் தொழிலாளரின் உரிமை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், மனித உழைப்பைப் பற்றிய தமது 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். "இறங்க மாட்டேன்" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் கேட்பது அந்த உரிமையைத்தான். அந்தச் சொல்லை மதிப்பது நம் கடமை.

ஆகவே, இனி குழாய் வைத்து உறிஞ்சும் லாரியை அழைப்போம். செலவு கூடினாலும் பொறுப்போம். வீட்டில் மட்டுமல்ல, நம் பங்கின் பள்ளியிலும் விடுதியிலும் மண்டபத்திலும் இதைக் கேட்டுச் சரிபார்ப்போம். தச்சுப் பட்டறையில் உழைத்த இயேசுவே, எங்கள் சகோதரரின் உயிருக்குக் கைப்பிடிச் சுவராக இருக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.