நாடாவோடு வாருங்கள்

என்னிலும் மூத்த அறிஞர்கள் முன்வரிசையில் இருக்க, தலைமைப் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சிதான், கொஞ்சம் நடுக்கமும் இருக்கிறது.

கருத்தரங்கின் பொருள் சாளர அமைப்புகளின் வடிவமைப்பு. ஜெராக்ஸின் ஸ்டார், கார்னகி மெலனின் ஆண்ட்ரூ, சன் நிறுவனத்தின் நியூஸ், எம்.ஐ.டி.யின் எக்ஸ் ஆகியவற்றை ஒப்பிடும் வேலையை இங்கு வாசிக்கப்படவிருக்கும் கட்டுரைகள் செவ்வனே செய்திருக்கின்றன. ஆகவே என் நேரத்தை ஒரே ஓர் ஆவணத்துக்குக் கொடுக்கிறேன்.

1984 ஜூன் 19 அன்று எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்ளர் எக்ஸை அறிமுகப்படுத்தி அனுப்பிய சிறு அறிவிப்பு அது. அதன் முற்பாதி நமக்கெல்லாம் மனப்பாடம்: ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த டபிள்யூ அமைப்பின் நிரலை நிறையவே எடுத்தாண்டார், ஒவ்வோர் ஆணைக்கும் பதில் வரும்வரை காத்திராத இடைமுகத்தை அமைத்தார், வேகம் ஏறத்தாழ இரட்டித்தது. பிற்பாதியை யாரும் சீண்டுவதில்லை. நிரல் வேண்டுவோர் காந்த நாடாவோடு வரலாம் என்கிறார். ஆவணம் ஏதும் எழுதப்படவில்லை, எழுத யாராவது உண்டா என்று கேட்கிறார். குறைகளைத் திருத்த விரும்புவோரையும் கூப்பிடுகிறார்.

எக்ஸ் பரவியதற்கு முதற்காரணம் இந்தப் பிற்பாதிதான் என்பது என் கட்சி.

பிணையம் வழியே இயங்கியதால் எக்ஸ் வென்றது என்கிறார்கள் நண்பர்கள் சிலர். நியூஸும் பிணையம் வழியே இயங்கியதுதானே? திரையை ஆளும் நிரலுக்குள்ளேயே போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை ஓடவிட்ட அதன் துணிச்சல் எக்ஸிடம் கிடையாது. ஆனால் சன் அதை உரிமக் கட்டணத்துக்கே தந்தது. நியூஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் ரோசந்தாலே பின்னர் எக்ஸ் செயலிகள் ஒன்றோடொன்று பழகுவதற்கான நெறிமுறையை எழுதினார். போட்டியாளரும் உள்ளே வந்து வேலை செய்ய அங்கே இடமிருந்தது.

எக்ஸுக்காகச் சேர்ந்த நிறுவனங்களின் கூட்டமைப்புதான் காரணம் என்பது இன்னொரு தரப்பு. கூட்டமைப்பு தொடங்கியது 1988 ஜனவரியில். பதினோராம் பதிப்பு 1987 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. அதற்கும் முன்பே டிஇசி, ஹெச்பி நிறுவனங்கள் பத்தாம் பதிப்பை வைத்துப் பொருள்களை விற்றுக்கொண்டிருந்தன. காலவரிசை அவர்கள் பக்கம் இல்லை.

என் ஆய்வு வெறும் 'நாடாக் கணக்கு' என்று ஒரு மதிப்புரையில் படித்தேன். எழுதியவர் இன்று அவைக்கு வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் வேண்டும் ஐயா. எக்ஸின் வெளியீட்டு நாடாக்களில் எம்.ஐ.டி.யின் நிரலோடு வெளியார் கொடையாகத் தந்த நிரல்களும் போயின. 1991-இன் வெளியீட்டில் தாமஸ் ரோயல் எழுதிய எக்ஸ்386 இருந்தது. சாதாரண பிசியில் எக்ஸை ஓட்டிய அந்த நிரலிலிருந்து மறு ஆண்டு கிளைத்ததுதான் எக்ஸ்ஃப்ரீ86. லினக்ஸுக்குத் திரை கிடைத்தது அப்படித்தான். எந்தக் கூட்டமைப்பு இதைத் திட்டமிட்டது?

தாராள உரிமம் ஒன்றே போதும் என்போரும் உண்டு. ஆறாம் பதிப்பை வெளியாருக்குக் கட்டணத்துக்குக் கொடுத்த எம்.ஐ.டி., பத்தாம் பதிப்புக் காலத்தில் யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று திறந்துவிட்டது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அழைப்பிதழ் அச்சடித்தால் மட்டும் போதுமா, வாசலில் நின்று வரவேற்க வேண்டாமா? எக்ஸ்ஃப்ரீ86 2003-இல் நிரலாளர் கீத் பேக்கார்டைத் தன் மையக்குழுவிலிருந்து நீக்கியபோது அதன் உரிமம் தாராளமாகவே இருந்தது. உழைப்பவர்களின் மனக்கசப்பு அப்போதே முற்றியிருந்தது. மறு ஆண்டு உரிமத்தில் நன்றியறிவிப்பு நிபந்தனை ஒன்று சேர்ந்ததும் முக்கிய லினக்ஸ் வெளியீட்டாளர்கள் எக்ஸ்.ஆர்க் என்ற மாற்று வெளியீட்டின் பக்கம் போய்விட்டார்கள். நிபந்தனை சிறியது, அதைப் பொறுத்துக்கொள்ளும் மனம்தான் யாருக்கும் மிஞ்சவில்லை.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நிரலை வாங்கிப்போனவர்கள் யார், அவர்கள் திருத்தித் திருப்பித் தந்ததைச் சேர்த்துக்கொண்டவர் யார்? இதைச் சொல்லாமல் வடிவமைப்பை மட்டும் புகழ்ந்தால், நான் மறுக்க எழுந்துகொள்வேன். முதல் அமர்வைத் தொடங்கலாம்.