விருந்தாளி வரட்டும்... குடியிருப்பவர் போக வேண்டாம்!

(தலைப்பு: சுற்றுலா நகரங்களில் வீடுகள் தினவாடகை விடுதிகளாக மாறுவது ஊருக்கு வளர்ச்சியே! தளர்ச்சியே! - 'தளர்ச்சியே' அணியின் இரண்டாவது பேச்சு)

   

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "விருந்தோம்பல் நம் பண்பாடு, வீட்டைத் திறந்து விடுங்க"ன்னு சொல்லிக் கைதட்டல் வாங்கிட்டுப் போயிட்டார். ஐயா, நம்ம பெரியவங்க என்ன சொன்னாங்க? "விருந்தும் மருந்தும் மூணு நாள்!" அண்ணனுக்கு விருந்து ஞாபகம் இருக்கு, மூணு நாள் மறந்து போச்சு! (சிரிப்பு)

இங்கே என்ன நடக்குது? ஒரு விருந்தாளி மூணு நாள்ல கிளம்பிடறார். அன்னிக்குச் சாயங்காலமே அதே வீட்டுக்கு அடுத்த விருந்தாளி வந்துடறார். வருஷம் 365 நாளும் விருந்து! நான் கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அந்த வீட்டில் குடியிருந்த குடும்பம் எங்கே போச்சு?

ஊர் பேரோடயே சொல்றேன். ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா. 1992-ல் ஒலிம்பிக் நடந்த ஊர். கடற்கரை உண்டு, கௌடி என்கிற மேதை வடிவமைத்த பெரிய தேவாலயம் உண்டு. ஊர் மக்கள் ஏறக்குறைய 17 லட்சம். பார்க்க வருகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேலே. அந்த ஊர் மேயர் ஜாவ்மே கொல்போனி 2024 ஜூனில் சொன்னார்: பத்து வருஷத்தில் வாடகை 68 சதவீதம் ஏறிப் போச்சு! அதாவது பத்தாயிரம் ரூபாய் வாடகை பதினாறாயிரத்து எண்ணூறு. தாய்மார்களே, உங்க வீட்டுக்காரர் சம்பளக் கவரும் அந்த வேகத்தில் கனத்துச்சான்னு நீங்களே சொல்லுங்க! (சிரிப்பு)

ஏன் வீடு கிடைக்கலை? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்க. குடும்பத்துக்கு விட்டால் மாசம் ஆயிரம் யூரோ. விருந்தாளிக்கு விட்டால் ஒரு ராத்திரிக்கு 120. பத்து ராத்திரி போனாலே ஆயிரத்து இருநூறு! மீதி இருபது நாள் பூட்டியே கிடந்தாலும் லாபம்தான். அப்புறம் எந்தச் சொந்தக்காரர் குடும்பத்தைத் தேடுவார்? 2024 ஜூலையில் அந்த ஊர் ஜனங்க ஊர்வலம் போனாங்க. சிலபேர், ஓட்டலில் சாப்பிட்டுக்கிட்டிருந்த வெளியூர்க்காரங்க மேல விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாங்க. சாப்பிடறவங்க மேல தண்ணி அடிக்கிறது தப்பு ஐயா; நான் நியாயப்படுத்தலை. ஆனா நல்லா உபசரிச்ச ஊரே தண்ணித் துப்பாக்கியைக் கையில எடுக்குதுன்னா, அந்த வயிறு எவ்வளவு எரிஞ்சிருக்கும்!

எதிரணித் தலைவர் ஒரு புள்ளிவிவரம் சொன்னார். "2020-ல் வந்த ஆய்வுப்படி, இந்த வீடுகளால் பார்சிலோனாவில் வாடகை சராசரியாக ஏறினது 1.9 சதவீதம்தான்" என்றார். உண்மைதான். ஆனா ஆத்தோட சராசரி ஆழம் மூணடின்னு நம்பி இறங்கினவன் கதை தெரியுமில்லையா? நடு ஆத்தில் இருபதடி! (கைதட்டல்) அதே ஆய்வை இன்னும் கொஞ்சம் படிக்கணும். இப்படிப்பட்ட வீடுகள் குவிந்து கிடக்கிற பேட்டைகளில் வாடகை 7 சதவீதம், வீட்டு விலை 17 சதவீதம் ஏறியிருக்கு. மொத்த ஏற்றத்துக்கும் இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா அது பொய். பானையில் பல ஓட்டை இருக்கு. அதுக்காக, கைக்கு எட்டுகிற ஓட்டையை அடைக்காம விடலாமா?

"கணவனை இழந்த ஒரு தாய், ஒரு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கக் கூடாதா?" என்று உருக்கமாகக் கேட்டார் தங்கச்சி. தாராளமாகப் பிழைக்கட்டும்! இந்தத் தொழில் பிறந்ததே அப்படித்தான். 2007-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்று இரண்டு இளைஞர்கள். வாடகை ஏறிப் போச்சு, கட்ட வழியில்லை. மூன்று காற்று மெத்தையைக் கூடத்தில் போட்டு, ராத்திரிக்கு 80 டாலர்னு ஆள் பிடிச்சாங்க. அதுதான் ஏர்பிஎன்பி ஆச்சு. வேடிக்கை பாருங்க ஐயா! வாடகை கட்ட முடியாதவன் கண்டுபிடிச்ச வழி, இன்னிக்கு அடுத்தவனை வாடகை கட்ட முடியாதவனா ஆக்குது!

அந்தத் தாய்க்கும், இருபது வீட்டை வளைச்சுப் போட்ட வியாபாரிக்கும் வித்தியாசம் இல்லையா? நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரில் இருந்து அந்தக் கோட்டைக் கண்டிப்பாகக் கிழிச்சுடுச்சு. 30 நாளுக்குக் குறைவா வாடகைக்கு விடணுமா? நகரத்தில் பதிவு செய்யணும், விடுகிறவர் அதே வீட்டில் கூட இருக்கணும், விருந்தாளி இரண்டு பேருக்கு மேல் கூடாது. பார்சிலோனா அதையும் தாண்டிப் போச்சு. சுற்றுலா உரிமம் வாங்கின 10,101 வீடுகளுக்கும் 2028 நவம்பருக்குப் பிறகு உரிமம் கிடையாதுன்னு அறிவிச்சாச்சு. நம்ம ஊர் மொய்க் கணக்கு மாதிரி ஒண்ணுல முடியுது! (சிரிப்பு) இதற்கு வழிவிட்ட கட்டலோனியச் சட்டம் செல்லும் என்று ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றமே 2025 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஐயா, நான் வாடகை வீட்டில் வளர்ந்தவன். எங்க அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, தலைக்கு மேலே பென்சிலால் கோடு போடுவாங்க. ஐந்து கோடு ஏறினபோது வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பாத்திரம், பண்டம், அம்மி எல்லாத்தையும் வண்டியில் ஏத்தினோம். அம்மா மட்டும் அந்தச் சுவருகிட்டே நின்னாங்க. அந்தக் கோட்டை எப்படி எடுத்துக்கிட்டுப் போவாங்க? மூணு நாள் தங்குகிறவருக்கு அது அறை ஐயா. கோடு போட்டு வளர்கிறவருக்குத்தான் அது வீடு. (பலத்த கைதட்டல்)

இந்தப் பாதை எங்கே போய் முடியும்? இத்தாலியின் வெனிஸைப் பாருங்கள். அந்தப் பழைய தீவு நகரத்தில் 1951-ல் குடியிருந்தவர்கள் சுமார் 1,75,000 பேர். வெள்ளம், வேலை, வீட்டு விலை, சுற்றுலா என்று பல காரணம். ஒவ்வொரு குடும்பமாக வெளியேறியது. அங்கே ஒரு மருந்துக்கடைக்காரர் கடைக் கண்ணாடியில் மின்சார எண்பலகை ஒன்று வைத்தார். மாத்திரை விலை அல்ல, ஊரில் மிச்சமிருக்கிற ஜனத்தொகை! 2022-ல் அந்த எண் 50,000-க்கும் கீழே இறங்கிடுச்சு. நோயாளிக்கு நாடி பார்ப்பது உண்டு. ஊருக்கே நாடி பார்க்க வேண்டி வந்துடுச்சு.

விருந்தாளி எதைப் பார்க்க வருகிறார்? கல்லையும் மண்ணையும் மட்டுமா? காலையில் கடை திறக்கிற அண்ணாச்சியை, பள்ளிக்கூடம் ஓடுகிற பிள்ளையை, திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பாட்டியை! அவங்களைத் துரத்திட்டா, விருந்தாளி வந்து இன்னொரு விருந்தாளி முகத்தைத்தான் பார்த்துட்டுப் போகணும்!

ஆகவே நடுவர் அவர்களே! விருந்தாளி வரட்டும், விடுதியில் தங்கட்டும். வீட்டைக் குடும்பத்துக்கு விடுங்கள். வீடுகள் விடுதியாவது ஊருக்குத் தளர்ச்சியே, தளர்ச்சியே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.