காதிலே பாட்டு, கையிலே புத்தகம்

(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"பாட்டுக் கேட்டுக்கிட்டே படிச்சா என்னப்பா தப்பு?" வீட்டுக்கு வீடு இதே வழக்குதான். பிளஸ் டூ பிள்ளை உள்ள நண்பர்கள் சிரிப்பது தெரிகிறது.

1993-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொசார்ட்டைக் கேட்டுவிட்டு, மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற புதிர்களில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். பலன் கால் மணி நேரத்துக்குள் மறைந்தது. பத்திரிகைகள் விட்டனவா? மொசார்ட் கேட்டால் மூளை வளரும் என்றே ஆகிவிட்டது! 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க பட்ஜெட்டில் பணம் கேட்டார். ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டார்கள். அந்த மாணவர்கள் கேட்டது புதிருக்கு முன்னால், போடும்போது அல்ல.

போடும்போது கேட்டால்? சலாமே, பேட்லி என்ற இருவர் 1989-இல் சோதித்தார்கள். எண்களை வரிசையாக நினைவில் வைப்பதை, வாத்திய இசையைவிட வாய்ப்பாட்டுதான் அதிகம் கெடுத்தது. படிப்பதை நாம் மனசுக்குள்ளே சொல்லிப் பார்க்கிறோம் இல்லையா? பாட்டின் சொல் அங்கேயே வந்து இடிக்கிறது. "எனக்குப் பிடிச்ச பாட்டு சார்" என்பீர்கள். 2011-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் ஒரே மாதிரிதான் கெடுத்தன.

ஆகவே தம்பி தங்கைகளே, மனப்பாடம் செய்யும்போது பாட்டை நிறுத்துங்கள். ரெக்கார்டு நோட்டில் படம் போடும்போது எஸ்.பி.பி. தாராளமாகப் பாடட்டும், பாதகமில்லை!

பெற்றோர்களே, ஹாலில் ஓடும் உங்கள் சீரியலும் பேச்சுதானே? பையனின் பாட்டை அணைக்கும்போது அதையும் சேர்த்து அணையுங்கள்.