1,200 ரூபாய் வாங்க எத்தனை பஸ் ஏறணும்?

கொடைக்கானல் போனவங்கள்ல பல பேர் வட்டக்கானல்ல இருந்து டால்பின் நோஸ் வரைக்கும் நடந்திருப்பீங்க. பாறை மேல ஒரு போட்டோ, மூச்சு வாங்கத் திரும்பி ஏறி வந்து ஒரு பிரெட் ஆம்லெட், அவ்வளவுதான். ஆனா பாதை அங்கேயே நிக்கறதில்லை, இன்னும் கீழே இறங்குது. அங்கே வெள்ளகெவினு ஒரு ஊர் இருக்கு. தலைமுறை தலைமுறையா அந்த ஊருக்குச் சாமான்கள் குதிரை முதுகுலயும் மனுஷங்க தலையிலயும்தான் போயிருக்கு. நமக்கு அது டிரெக்கிங். அவங்களுக்கு அது தாலுகா ஆபீஸுக்குப் போற வழி.

இன்னைக்குப் பேசப்போறது அரசு உதவித் திட்டங்கள் பத்தி. "தமிழ்நாட்டுலதான் எல்லாமே இலவசமாச்சே"னு சுலபமா சொல்லிடறோம். திட்டங்கள் நிறைய இருக்கறது உண்மைதான். 2011 ஜூன்ல இருந்து ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்ட்ல 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆச்சு. அதே வருஷம் செப்டம்பர் 15-ம் தேதி மகளிர் உரிமைத்தொகை தொடங்குச்சு, மாசம் 1,000 ரூபாய். என் கேள்வி வேற. அந்த உதவியை வாங்கறதுக்கு ஒருத்தருக்கு எவ்வளவு செலவாகுது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேல்மலையில மன்னவனூர், கொடைக்கானல் டவுன்ல இருந்து 30 கிலோமீட்டருக்கு மேல. அங்கே ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாங்கனு வெச்சுக்குவோம். இ-சேவை மையத்துல பதியணும். ஆதார்ல வயசு தப்பா இருந்தா முதல்ல அதைத் திருத்தணும். விஏஓ, ஆர்ஐ விசாரிச்சு, தாசில்தார் முடிவு பண்ணணும். நடுவுல சர்வர் வேலை செய்யலைன்னா, "நாளைக்கு வாங்க."

பாட்டியால தனியாப் போக முடியாது, மகளும் கூடப் போகணும். மகளுக்கு அன்னைக்குக் கூலி போச்சு. 2025-26ல 100 நாள் வேலையோட தினக்கூலி தமிழ்நாட்டுல 336 ரூபாய். மூணு நாள் அலைஞ்சா 1,008. ரெண்டு பேருக்கு பஸ், டீ, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்தா, முதல் மாச உதவித்தொகை கைக்கு வர்றதுக்கு முன்னாடியே செலவாகிடுது. விண்ணப்பம் தள்ளுபடியானா? திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துல கலெக்டர்கிட்ட மனு கொடுக்கலாம். ஆனா கலெக்டர் ஆபீஸ் இருக்கறது திண்டுக்கல்ல. கொடைக்கானல் வந்து, அங்கிருந்து மலை இறங்கி இன்னும் 90 கிலோமீட்டருக்கு மேல போகணும்.

இந்தக் கணக்கு நம்மளைவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும். அதனால, விண்ணப்பிக்காம விட்டுடறவங்களைப் பார்த்து "விழிப்புணர்வு இல்லை"னு சொல்றது அநியாயம்.

பஸ்ஸையே எடுத்துக்குங்க. 2021 மே மாசம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்துச்சு, ஆனா சாதாரண கட்டண டவுன் பஸ்ல மட்டும். சென்னைக்கும் மதுரைக்கும் அது சரி. மலையில ஓடற பஸ்கள் அந்த வகையில வரலை. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மாதிரி மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கப்படும்னு அறிவிச்சது 2024 பிப்ரவரி பட்ஜெட்லதான். கிட்டத்தட்ட மூணு வருஷம்! மலைப் பெண்களை யாரும் வேணும்னே ஒதுக்கியிருக்க மாட்டாங்க. விதியை எழுதினவங்க மனசுல இருந்தது சமவெளி ஊர், அதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

சரி, இதுக்கு வழியே இல்லையா? இருக்கு, அரசே செஞ்சும் காட்டியிருக்கு. மகளிர் உரிமைத்தொகைக்கு டோக்கனையும் விண்ணப்பத்தையும் ரேஷன் கடை ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாங்க. பதிவு முகாமும் அந்தந்தப் பகுதியிலயே நடந்துச்சு. தொடங்கினப்பவே 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதுல சேர்ந்திருந்தாங்க. 2021ல வந்த மக்களைத் தேடி மருத்துவம், பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகுது. 2025 ஆகஸ்ட்ல வந்த தாயுமானவர் திட்டம் மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷனை வீட்டு வாசல்ல கொடுக்குது. அப்போ அந்த முதியோர் உதவித்தொகை விசாரணையும் மாசத்துல ஒரு நாள் மன்னவனூருக்கே வரலாமே? தாசில்தார் ஜீப் ஒரு தடவை மலை ஏறினா, நூறு பேரோட ஒரு நாள் கூலி மிச்சம்.

அது நடக்கறவரைக்கும் நம்மால முடிஞ்சது ஒண்ணு இருக்கு. இந்த அலைச்சல் மலையில மட்டும் இல்லை. உங்க அபார்ட்மென்ட் செக்யூரிட்டி அண்ணாவுக்கும், வீட்டு வேலை செய்யற அக்காவுக்கும் ஒரு நாள் லீவ்னா ஒரு நாள் சம்பளம் போகும். வருமானச் சான்றிதழ் மாதிரி பல விண்ணப்பங்களை இ-சேவை தளத்துல வீட்டுல இருந்தே போடலாம். ஒரு ஞாயித்துக்கிழமை அவங்களோட உக்காந்து பதிஞ்சு கொடுங்க. விண்ணப்ப எண்ணை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க. பதிலே வரலைன்னா 1100-க்குப் போன் பண்ணி, அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்க.

உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அவங்களுக்கு அது ஒரு நாள் கூலி. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.