பெரகல சந்தியில் ஒரு கடை

பட்டதாரிகளே,

2005இல் பதுளையில் தொடங்கிய இந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில், விருந்தோம்பலோடும் சுற்றுலாவோடும் நிகழ்வு முகாமைத்துவமும் கற்பிக்கிறார்கள். அதைப் படித்த நீங்கள் பெரும்பாலும் கொழும்பு ஹோட்டல்களைத்தான் நினைக்கிறீர்கள். நான் பெரகல சந்தியைச் சொல்ல வந்திருக்கிறேன். கொழும்பிலிருந்து வரும் பாதை ஒரு பக்கம் ஹப்புத்தளைக்கு ஏறி, மறுபக்கம் கொஸ்லந்தைக்கு இறங்கும் இடம் அது. அங்கே ஒரு சின்னக் கடை போடுங்கள். எதிர்பாராத கொண்டாட்டங்களை ஏற்பாடு செய்து கொடுங்கள்.

அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் இதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்பதே நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. தீபாவளியையே முற்பணம் வாங்கி, மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக் கொண்டாடும் வீடுகள் அவை. அந்த வீடுகளில் இன்னொரு கடனை ஏற்றாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர் கொழும்புக் கடையிலும் வளைகுடா நாட்டு வீட்டிலும் வேலை செய்யும் மகனும் மகளும். அம்மாவுக்கு ஒருநாளாவது கேக் வெட்ட வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு உண்டு. வர லீவு கிடைக்காது. அந்த இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள்.

தோட்ட வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் ரகசியம் நிற்காது. ஒரே கூரை, ஒரே வாசல். பலூன் ஊதும் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். அதனால் முழு லயத்தையும் முதலிலேயே கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு அந்த அம்மா எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பது பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் தெரியும். களைத்து வருபவருக்கு முகம் கழுவி, சேலை மாற்ற நேரம் கொடுங்கள். மலைக்குப் போன கோலத்தில் அவரைப் படம் பிடிக்காதீர்கள். அந்த மரியாதை முக்கியம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன். சிலர் "அம்மா, அவசரம், உடனே வா" என்று பொய்யாக அழைத்து, ஓடிவந்ததும் கைதட்டிச் சிரிக்கிறார்கள். பெரகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கினால் மீரியபெத்த தோட்டம். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பியபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. மழை பெய்தால் இன்றும் அந்தப் பக்கத்தில் பலருக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர்களைப் பயமுறுத்தித்தான் மகிழ்ச்சி தர முடியும் என்றால், அந்தத் தொழில் வேண்டாம். "பூசைச் சாமான் வந்திருக்கு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாலே போதும், அந்த அம்மா வருவார்.

வணிகப் பெயரை முறையாகப் பதிவு செய்யுங்கள். மூடுபனியில் ஆட்டோ ஓட்டத் தெரிந்த தோட்டத்துப் பையன் ஒருவனைக் கூலிக்கு அல்ல, பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கடை வாசலில் மாட்டுங்கள்; கீழே சிங்களக் கிராமத்திலும் மகளைப் பிரிந்திருக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். வருகிற தீபாவளிக்கு முன்பே திறந்துவிடுங்கள்.