பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் கேட்ட வாக்கு

(நமது டிரஸ்ட்டின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



உதவித்தொகை கொடுக்கும் இடத்தில் வாக்குரிமை பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். நம் நாட்டில் பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்று முதலில் கேட்டவர்களில் முக்கியமானவர்கள் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

அந்தக் கோரிக்கை எழுந்தது நம்ம சென்னையில்தான். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அதை முன்னின்று அமைத்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அயர்லாந்துக்காரர். அங்கே பெண் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். இங்கே வந்து மதனப்பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்தார். அந்த ஆண்டு இந்தியாவுக்கு வந்த மாண்டேகு துரையைச் சந்திக்க நேரம் கேட்டபோது, அவர் பேச நினைத்தது பெண்பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான். அரசியல் விஷயம் என்றால்தான் சந்திப்பு என்று பதில் வந்தது. சரி, அப்படியானால் வாக்குரிமையையே கேட்போம் என்று மனுவில் அதைச் சேர்த்தார்.

டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்தது. ஆண்களுக்கு எந்தத் தகுதியோ அதே தகுதியில் பெண்களுக்கும் வாக்கு என்று கேட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கும் கட்டாயத் தொடக்கக் கல்வி வேண்டும் என்றும் அதே மனுவில் கேட்டார்கள். அந்தக் குழுவில் பேகம் ஹஸ்ரத் மோஹானியும் இருந்தார். அவருடைய கணவர், உர்தூ கவிஞர் மௌலானா ஹஸ்ரத் மோஹானி, அப்போது வெள்ளையர் காவலில் இருந்தார். கணவர் சிறையில் இருக்க, வெள்ளைக்கார மந்திரியின் முன்னால் போய் உரிமை கேட்கும் துணிவு அந்த அம்மாவுக்கு இருந்தது. நம் வீடுகளில் இந்தப் பெயர் ஏன் சொல்லப்படுவதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு.

1921-ல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. சொத்துத் தகுதி இருந்ததால் கிடைத்தது சிலருக்குத்தான். அதே ஆண்டில் வங்காளச் சட்டசபை மறுத்துவிட்டது. பர்தாவைக் காரணம் காட்டி எதிர்த்தவர்களும் அங்கே இருந்தார்கள்.

அந்த வங்காளத்தில் வாக்குரிமைக்காகப் பெண்கள் அமைத்த சங்கத்தில் முன்னின்றவர்களில் ஒருவர் பேகம் ருகையா ஸகாவத் ஹுசைன். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வீட்டில் அவருக்கு ஆங்கிலம் கற்றுத்தர மறுத்தார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு, இரவில் அண்ணன் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார். (இங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்கள் கவனிக்கவும்.) கணவர் தன் பணத்தில் 10,000 ரூபாயைப் பெண்கள் பள்ளிக்கென்று ஒதுக்கிவைத்து, 1909-ல் வஃபாத்தானார். 1911-ல் கல்கத்தாவில் 8 பிள்ளைகளோடு பள்ளி நடந்தது. புர்கா அணிந்து வீடு வீடாகப் போய், உங்கள் மகளை அனுப்புங்கள் என்று கேட்டார். பர்தா காக்கப்பட வேண்டும் என்று பெற்றோர் சொன்னதால், முழுவதும் மூடிய வண்டி ஏற்பாடு செய்தார். உள்ளே இருட்டிலும் புழுக்கத்திலும் சிறுமிகள் மயங்கினார்கள். மூடியதை எடுத்துத் திரை கட்டினார். காற்றில் திரை விலகுகிறது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன! எப்படிச் செய்தாலும் குறை. ஆனாலும் பள்ளியை மூடவில்லை. 1932-ல் இறக்கும் வரை அந்தப் பள்ளியோடுதான் இருந்தார்.

வங்காளப் பெண்களுக்கு 1925-ல் வாக்கு கிடைத்தது. பிறகு 1935 சட்டத்தில், பல மாகாணங்களில், எழுதப் படிக்கத் தெரிந்தாலே ஒரு பெண் வாக்காளராகலாம் என்று வந்தது. சொத்து இல்லாத பெண்ணுக்குப் பள்ளிக்கூடம்தான் வாக்கு வாங்கிக் கொடுத்தது. ருகையா அம்மையார் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அல்லாஹ் அவருக்கு மறுமையில் உயர்ந்த பதவியைத் தருவானாக.

பெண்ணுக்கு எதற்கு அரசியல் என்று கேட்பவர்கள் இன்றும் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். மதரஸாவில் ஓதிய எவருக்கும் தெரிந்ததுதான்: இரண்டாம் அகபா உடன்படிக்கையில் நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்த மதீனாவாசிகளில் இரண்டு பெண்களும் இருந்தார்கள். ஹுதைபிய்யாவில் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையை நபியவர்கள் ஏற்று நடந்தார்கள். இதற்கு மேல் நான் வாதாடப் போவதில்லை.

இப்போது நம் ஊர் விஷயம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல் நடந்தது. சுமார் 8 கோடி பெண் வாக்காளர்களில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். காரணம், கணக்கெடுக்க வந்தவரிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்று மட்டும் பதிந்திருந்தது. பெரும்பாலும் வடமாநிலங்களில் நடந்தது இது.

இன்று நம் பெண்கள் பெயரைச் சொல்கிறார்கள். ஆனால் டிரஸ்ட்டுக்கு வரும் விண்ணப்பங்களைப் பாருங்கள். ஆதாரில் ஃபாத்திமா பேகம், ரேஷன் கார்டில் பாத்திமா பீ, வாக்காளர் அட்டையில் வெறும் பாத்திமா. மூன்றும் ஒரே அம்மா. அம்பத்தூரில் பிறந்து பூந்தமல்லிக்கு நிக்காஹ் ஆகிப் போன பெண்ணின் பெயர், பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயது வந்த பிறகும் அம்பத்தூர் பட்டியலிலேயே கிடக்கிறது. எஸ்டேட்டில் வேலை என்று ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்திலிருந்து வந்து ஆவடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களில், ஆண் தன் முகவரியை மாற்றிக்கொள்கிறார். மனைவியுடையது அப்படியே நிற்கிறது. பட்டியல் திருத்தம் வரும்போது முதலில் காணாமல் போவது இந்தப் பெயர்கள்தான்.

எனவே இன்று ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஹாலின் வெளிவாசலில் மேசை போட்டு நம் கல்லூரி மாணவிகள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் படிவம் 8. 17 வயது முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஆதார் நகல் இல்லாதவர்கள் நாளை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்களுக்காக எழுதிக் கொடுக்க வேண்டாம். அவர்களே எழுதட்டும், கையெழுத்தையும் அவர்களே போடட்டும். எழுத்து மெதுவாக வந்தால் மாணவிகள் காத்திருப்பார்கள். மக்ரிப் வரை நேரம் இருக்கிறது.

வஸ்ஸலாம்.