குணமானால்தான் வேலையா?



ஒருவனுக்கு விஷக்காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் போகிறோம், எழுந்து நடமாடியதும் "வேலைக்கு எப்போது வருகிறாய்?" என்று கேட்கிறோம். அதே மனிதனுக்குச் சித்தம் கலங்கினால் மாத்திரம் பேய் என்றும், பூர்வ ஜென்ம கர்மம் என்றும் சொல்லிக் கோயிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் இழுத்துக்கொண்டு போகிறோம். பலன் என்ன? 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். எந்தச் சாமி வந்து சங்கிலியை அவிழ்த்தது?

2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடுத்துவிட்டது. ஆனால் அவர்கள் பிழைப்பின்மேல் போட்ட சங்கிலியை நாம் இன்னும் அவிழ்க்கவில்லை. "முதலில் பூரண குணமாகட்டும், பிறகு வேலை தரலாம்" என்கிறோம். பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான் இது. கூலியும் இல்லை, நாலு பேர் பழக்கமும் இல்லை என்றால் நல்ல புத்தி உள்ளவனுக்கே சித்தம் கலங்காதா?

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் 1990-களில் இதைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தார்கள். "எனக்கு வேலை வேண்டும்" என்று நோயாளி சொன்னால் போதும். அவர் விரும்பும் வேலையை, எல்லோரும் வேலை செய்கிற இடத்திலேயே சீக்கிரம் தேடிக் கொடுப்பது. வேலை தேடித் தருபவரும் வைத்தியரும் ஒன்றாகக் கலந்து பேசுவது. வேலை கிடைத்த பின்னும் கைவிடாமல் துணை நிற்பது. பல தேசங்களில் பரீட்சை செய்ததில், நெடுநாள் பயிற்சி கொடுத்துப் பிறகு வேலை தேடும் பழைய முறையைவிட இதில்தான் அதிகம் பேர் வேலை பெற்றார்கள்.

வேலையில் நிலைக்கச் செய்வதும் பெரிய வித்தை அல்ல. மருந்து தூக்கம் தருமானால் இராத்திரி வேலை போடாதீர்கள். வைத்தியரைப் பார்க்க ஒரு நாள் விடுங்கள். பத்துப் பேர் பத்து விதமாக ஏவாமல், ஒருவரே செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லட்டும். இதற்கென்ன பெரிய செலவு?

இது தர்மமும் அல்ல, தோழர்களே! 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் நேர்ந்தால், அதைக் காரணமாக வைத்து நீக்கவோ பதவியில் இறக்கவோ கூடாது. அந்த வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும் என்கிறது.

ஆகவே, கடையும் அச்சுக்கூடமும் பட்டறையும் வைத்திருக்கும் தோழர்கள், பழைய ஆள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றால், "அந்தப் பைத்தியமா?" என்று கேட்காதீர்கள். "நாளைக்கு எத்தனை மணிக்கு வருகிறாய்?" என்று கேளுங்கள். மனிதனை மனிதனாக மதிப்பது அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.